எங்க ஊட்டுக் குத்தம்

ஈச்சங்காட்டுப்பட்டியில், ஊர் கூடுகிற மந்தையில் ஒரு கல் கிடந்தது. அம்மியும் இல்லை, ஆட்டுக்கல்லும் இல்லை. இரண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று. அதன் பெயர் குத்தக்கல். மலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டில் மற்ற ஊர்களில் என்ன வழக்கமோ தெரியாது. இந்த ஊரில் யாராவது தப்புச் செய்துவிட்டால், அந்த வீட்டின் மூத்த ஆண் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மந்தைக்கு வரவேண்டும். கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஊர்க்கவுண்டர் பேசி முடிக்கிற வரைக்கும் நிற்கவேண்டும். பிறகு கல்லை இறக்கிவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாமைச்சோறு தின்பார்கள். சோறு தொண்டைக்குக் கீழே போய்விட்டால் அந்தத் தப்பைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. இதற்குக் குத்தம் நிற்பது என்று பெயர்.

தப்பைச் செய்தவன் யார் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. எந்த வீடு என்றுதான் கேட்பார்கள். பால்பானையில் பல்லி விழுந்தால் எடுத்து வெளியே போடுவார்களா, இல்லை அது எந்தப் பல்லி, அதன் அப்பன் யார் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்களா என்று ஊர்க்கவுண்டர் காளியண்ணன் கேட்பார். கேட்டுவிட்டு, அதையே இன்னொரு தடவையும் கேட்பார். உண்மையான தண்டனை கல் இல்லை, கவுண்டரின் பேச்சுதான் என்று ஊர் இளவட்டங்கள் சொல்லிக்கொள்ளும், அவர் காதில் விழாதபடிக்கு.

சென்றாயனுக்கு மீசை முளைக்கும்போதே அவன் அப்பன் போய்ச்சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு மூத்த ஆண் அவன்தான். பெரிய பதவி. பதவியோடு சேர்ந்து வந்த சொத்து அந்தக் கல் மட்டும்.

சென்றாயன் ஒரு தப்பும் செய்யாதவன். பெரிய யோக்கியன் என்பதால் அல்ல, நேரம் கிடைக்கவில்லை. தம்பி அப்பாசாமி செய்ததற்கெல்லாம் நின்று முடிக்கவே ஆயுசு போதவில்லை. அடுத்தவன் அடையாளம் வைத்த தேனடையை இறக்கியது அப்பாசாமி. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் குழம்பு வைத்தது அப்பாசாமி. மாட்டைப் பிறத்தியான் சாமைக்காட்டில் விட்டுவிட்டு மரத்தடியில் மல்லாந்து தூங்கியது அப்பாசாமி. நின்றது சென்றாயன். கல்லில் ஒரு பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அது சென்றாயன் தலை போட்ட பள்ளமா, இல்லை கல் போட்ட பள்ளம் அவன் தலையில் இருக்கிறதா என்று ஊரில் ஒரு சந்தேகம் உண்டு.

அப்பாசாமியைக் கெட்டவன் என்று சொல்லவும் முடியாது. அவன் ஒரு சிரிப்புச் சிரித்தான் என்றால் சேவலைப் பறிகொடுத்தவளே, “செரி போ, கொழம்புல உப்பாச்சும் போட்டயா?” என்று கேட்பாள். அண்ணன் கல்லோடு நிற்கும்போது அவன் கூட்டத்தின் கடைசியில் யாரிடமாவது வெற்றிலை வாங்கிக்கொண்டிருப்பான்.

சோறு தின்ற பிறகு பேச்சில்லை என்பது சரிதான். யாரும் பேசவில்லை. ஆனால் பேசாமல் இருப்பது வேறு, மறப்பது வேறு. சேவலைத் திருடியவன் முகம் மறந்துபோகும். கல்லைச் சுமந்தவன் முகம் நிற்கும். வருஷம் ஆக ஆக ஊருக்கு எல்லாம் குழம்பிப்போயிற்று. சென்றாயன் வந்தால் கோழியைக் கூடையில் கவிழ்த்தார்கள். அவன் பெண்டாட்டி கண்ணாயி ஊற்றுக்குப் போனால், மற்றப் பெண்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். சென்றாயனுக்கே சில நாள் அந்தச் சேவல் குழம்பின் ருசி நாக்கில் தட்டுப்படும். தின்னாத குழம்பு. தின்றோமோ என்னவோ என்று யோசித்துக்கொண்டே மிளகுக்கொடிக்கு மண் அணைப்பான்.

கண்ணாயி அதிகம் பேசமாட்டாள். பேசினால் மிளகாயை நேராக அடுப்பில் போட்ட மாதிரி இருக்கும்.

“ஏனுங்க, நான் செத்தா எனக்கு ஒண்ணும் பெருசாப் பண்ண வேண்டாம். ஒரே ஒருக்கா, செஞ்சவன் நிக்கறதை எங் கண்ணுல காட்டிப்போடுங்க.”

“என்ன பண்றது கண்ணாயி. ஊட்டுக்கு மூத்தவனாப் போயிட்டேன்.”

“மூத்தவனா, மூட்டை தூக்கறவனா?”

சென்றாயன் கழுத்தைத் தடவிக்கொள்வான். அவனுக்கும் ஆசைதான். நியாயம், அநியாயம் என்றெல்லாம் இல்லை. அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

அப்போது மாகாணம் முழுக்க மதுவிலக்கு. மலை மேல் அரசாங்கம் ஏறி வருவது அபூர்வம். ரோடு இல்லை, ஏறினால் மூச்சு வாங்கும். அந்தத் தைரியத்தில் அப்பாசாமி வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஒரு பானையைப் புதைத்துச் சாராய ஊறல் போட்டிருந்தான். யார் போய்க் கீழே சொன்னார்களோ, ஒரு நாள் காலையில் ஹெட் கான்ஸ்டபிள் அர்த்தனாரி அடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்துவிட்டார். வந்தவர் முதல் காரியமாகத் தண்ணீர் கேட்டார். இரண்டாவதாக உட்கார ஒரு கல் கேட்டார். குத்தக்கல்லைத் தவிர வேறு எதிலாவது உட்காருங்கள் என்றார்கள். மூன்றாவதாகத்தான் பானையைக் கேட்டார்.

அதற்குள் அப்பாசாமி பலாமரத்தில் ஏறிவிட்டான். பானைக்கு நேர் மேலே.

அர்த்தனாரி குச்சியால் பானையைத் தட்டினார். “இது யாருது?”

மலையில் எதையும் ‘என்னுது’ என்று சொல்லிப் பழக்கமில்லை. மாடு எங்க ஊட்டுது, காடு எங்க ஊட்டுது, தலைவலிகூட எங்க ஊட்டுதுதான். சென்றாயன் மேலே பார்க்காமல் சொன்னான்:

“எங்க ஊட்டுதுங்க.”

“அப்ப நீ வா” என்று கையில் கயிற்றைக் கட்டிவிட்டார் அர்த்தனாரி. கண்ணாயி வாசலில் நின்று பார்த்தாள். பலாமரத்தை ஒரு பார்வை பார்த்தாள். காய்கள் உதிராததுதான் ஆச்சரியம்.

பாதி இறக்கத்தில் அர்த்தனாரி கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரக்கம் இல்லை, முழங்கால் வலி. கைதியின் தோளைப் பிடித்துக்கொண்டால்தான் அவரால் இறங்க முடிந்தது. பார்த்தவர்களுக்கு யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்திருக்காது.

“ஏப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்த மரத்துல இருந்தது பலாப்பழமா, உன் தம்பியா?”

சென்றாயன் திடுக்கிட்டு நின்றான். “உங்களுக்கு எப்பிடீங்க தெரியும்?”

“பலாப்பழம் இருமாது.”

“தெரிஞ்சுமா என்னையக் கூட்டீட்டுப் போறீங்க?”

“நான் எப்பிடி மரம் ஏறுவேன்? இந்தக் காலை வெச்சுக்கிட்டு?” அர்த்தனாரி ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டினார். “இங்க பாரு. ஒருத்தன் உள்ள போனா நாலு பேரு பயப்படுவான். சட்டம் அதுக்குத்தான். உள்ள போறது யாருன்னு அந்த நாலு பேரும் கேக்கப்போறதில்லை. உங்க மலையில கேஸ் புடிச்சா தண்டனை உனக்கில்லைப்பா, எனக்கு.”

சென்றாயனுக்கு அது புதிதாக ஒன்றும் படவில்லை. காளியண்ணக் கவுண்டர் பல்லி என்கிறார், இவர் நாலு பேர் என்கிறார். இரண்டிலும் தான் தான் பானைக்குள் இருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு ராத்திரி ஸ்டேஷன் திண்ணைச் சிமெண்டில் படுத்தான். தலைக்கு வைக்கக் கல்லில்லாததால் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் கோர்ட்டு. மேலே காற்றாடி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாஜிஸ்ட்ரேட்டுக்குச் சளி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே வழக்குகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போலிருந்தது. குமாஸ்தா, மதுவிலக்குச் சட்டம், இன்ன பிரிவு என்று வாசித்துவிட்டுக் கேட்டார்:

“குற்றத்தை ஒத்துக்கிறயா?”

இது சென்றாயனுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. காளியண்ணக் கவுண்டரும் பேச்சைத் தொடங்குமுன் இதைத்தான் கேட்பார். “ஏத்துக்கறேனுங்க” என்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினான். பிறகு கூண்டுக்குள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தான்.

“என்ன தேடுகிறாய்?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“கல்லுங்க.”

“என்ன கல்?”

“குத்தம் ஏத்துக்கிட்டனுங்களே. சுமக்கறதுக்குங்க.”

கோர்ட்டில் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. கைக்குட்டையைக் கீழே வைத்தார். என்ன கல், யார் சுமப்பது, எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சென்றாயன் சொன்னான். மூத்த ஆண் என்பதையும் சொன்னான், சாமைச்சோற்றையும் சொன்னான். அர்த்தனாரி ஓரமாக நின்று, பலாப்பழம் மாதிரி இல்லாமல், இருமினார்.

“சரி. சாராயம் எப்படிக் காய்ச்சினாய்? சொல்லு.”

சென்றாயன் விழித்தான். இது காளியண்ணக் கவுண்டர் கேட்காத கேள்வி. “வெல்லத்தைக் கரைச்சுங்க...”

“ம்.”

“பட்டை போட்டு...”

“ம். அப்புறம்?”

“கொஞ்சம் உப்புங்க.”

“உப்பா?”

“ருசிக்குங்க.”

இந்தத் தடவை மாஜிஸ்ட்ரேட்டே சிரித்துவிட்டுத் தும்மினார். அர்த்தனாரியின் பக்கம் திரும்பினார். “இவனுக்குக் கஞ்சிதான்யா காய்ச்சத் தெரியும். பானை இவனுடையது என்று எப்படிச் சொல்கிறீர்?”

“அவனே சொன்னானுங்க ஐயா. ‘எங்க ஊட்டுது’ன்னு.”

“வீட்டில் எத்தனை பேர்?” என்று சென்றாயனைக் கேட்டார்.

“எருமையையும் சேத்துங்களா?”

மாஜிஸ்ட்ரேட் கண்ணை மூடித் திறந்தார். “இதோ பாரப்பா. யாரையோ காப்பாற்றுகிறாய். உன் தம்பியா, மகனா?”

“யாரையுங் காப்பாத்தலீங்க. ஊட்டுல நடந்துச்சு, ஊட்டுக்கு மூத்தவன் நிக்கறேன். நிக்கறவன் செஞ்சவன் பேரைச் சொல்லக்கூடாதுங்க. சொன்னா நின்னது செல்லாது.”

“அப்படியானால் அவன் ஒரு கொலை செய்தால் நீ தூக்கில் தொங்குவாயா?”

சென்றாயன் யோசித்தான். அப்பாசாமியை நினைத்துப் பார்த்தான். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “அது வரைக்கும் இன்னும் வரலீங்க” என்றான்.

மாஜிஸ்ட்ரேட் வழக்குக் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கோர்ட்டுக் குரலை விட்டுவிட்டுப் பேசினார். “ஒருவனைத் தண்டிக்க வேண்டுமென்றால், செய்த கை வேண்டும். செய்யவேண்டும் என்று நினைத்த மனசு வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும். உன்னிடம் இரண்டும் இல்லை. கழுத்து மட்டும்தான் இருக்கிறது. உன் கழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீட்டைப் பிடித்து ஜெயிலில் போடச் சட்டத்தில் இடமில்லை. போ.”

சென்றாயன் போகவில்லை. “அப்பக் குத்தமுங்க?”

“உன் மேல் குற்றம் இல்லை. நீ செய்யவில்லை.”

சென்றாயன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இந்த வாக்கியம் அவனுக்குக் கேட்டுப் பழக்கமில்லாதது. கண்ணாயிகூட ‘செஞ்சவன் நிக்கட்டும்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்க சாமி.”

அடுத்த வழக்கைக் கூப்பிட வாயைத் திறந்த குமாஸ்தா நிறுத்திக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார்: “நீ செய்யவில்லை.”

பேளுக்குறிச்சியிலிருந்து தனியாக ஏறினான். கையில் கயிறில்லை, தோளில் அர்த்தனாரி இல்லை. ஆனாலும் எப்போதையும்விட மெதுவாகத்தான் ஏறினான். தலையில் கல் இருந்தவரை இவ்வளவு தெரியாத கழுத்துவலி இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து அந்தச் சேவலை நினைத்துப் பார்த்தான். அன்றைக்கு அவன் மாமியார் ஊரில் அல்லவா இருந்தான். திரும்பி வந்தபோது இறகுதான் கிடந்தது. நாக்கில் இத்தனை வருஷம் தங்கியிருந்த குழம்பு ருசி, தேடிப்பார்த்தால் இல்லை. “நான் திங்கலை” என்று பக்கத்திலிருந்த ஈச்சஞ்செடியிடம் சொன்னான். ஈச்சஞ்செடி மறுக்கவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. மந்தையில் கூட்டம். கீழே குத்தத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற சேதி, சந்தைக்குப் போய் வந்த யாரோ மூலமாக அவனுக்கு முன்பே ஏறி வந்திருந்தது. ஊருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. நம்ம ஊர்க் குத்தம் அவங்களுக்கு ஆகாதா என்று கிழவர்கள் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

“செரி, கீழ ஏத்துக்கலையின்னா போகுது” என்றார் காளியண்ணன். “போலீசு ஊருக்குள்ள வந்து மிதிச்சுப்போட்டுப் போயிருக்குது. ஊறல் போட்டது உங்க ஊடு. இங்க நின்னு தீத்துரு சென்றாயா. தீத்தாத்தான் நாளைக்கு ஊத்துல தண்ணி.”

நின்று தீர்க்காத வீட்டுக்கு ஊற்றுத் தண்ணீரும் கிடையாது, அடுத்த வீட்டு நெருப்பும் கிடையாது. எல்லோரும் சென்றாயனைப் பார்த்தார்கள். அப்பாசாமி கூட்டத்தின் கடைசியில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கம் கண்ணாயி காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இறக்கி வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சென்றாயன் உட்கார்ந்தான்.

“என்ன, உக்காந்துட்ட?”

“களைப்பா இருக்குதுங்க கவுண்டரே.”

“செரி, மூச்சு வாங்கீட்டு நில்லு.”

“இல்லீங்க. நான் செய்யலீங்க.”

அந்த இடத்தில் அந்த வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை. காளியண்ணன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். “பால்பானையில பல்லி உழுந்தா...”

“எடுத்து வெளிய போடோணுமுங்க. எந்நேரமும் என்னையே எடுத்துப் போட்டா, பல்லி உள்ளயேதானுங்க கெடக்குது.”

“அது கீழ இருக்கறவன் சட்டம்டா.”

“ஆமாங்க. சட்டம் கீழதான் இருக்குது. கழுத்து இங்க இருக்குதுங்க.”

யாரோ சிரித்து, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தம்பி பேரைச் சென்றாயன் சொல்லவில்லை. சொல்லமாட்டான் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் சென்றாயன் உட்கார்ந்தபிறகு அந்த வீட்டில் நிற்பதற்கு மிச்சமிருந்தது ஒரே ஆண்தான். எல்லோருடைய தலையும் மெதுவாகப் பின்பக்கம் திரும்பியது.

அப்பாசாமி அண்ணனைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தான். சேவல்காரியையே மயக்கிய சிரிப்பு. சென்றாயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் எழுந்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். சிரிப்பு கொஞ்ச நேரம் அப்பாசாமி முகத்தில் போக இடமில்லாமல் நின்றது. பிறகு அவன் வெற்றிலையைத் துப்பினான். கண்ணாயியின் காலிக்குடத்தைப் பார்த்தான். முன்னால் வந்தான்.

வந்தவன் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. ஒருவழியாகத் தூக்கி நெஞ்சுவரை கொண்டுவந்து, தலைக்கு ஏற்ற முடியாமல் தடுமாறினான்.

“அண்ணா” என்றான் மெதுவாக. “இதை எப்பிடி நிக்கறது?”

இத்தனை வருஷம் அவன் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

சென்றாயன் எழுந்தான். பெண்கள் பக்கத்தில் குடம் அசைந்தது. அவன் கல்லைத் தொடவில்லை. இடுப்பில் இன்னும் கோர்ட்டில் கட்டியபடியே இருந்த துண்டை அவிழ்த்தான். அதைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, தம்பி தலையில் வைத்து அமுக்கினான்.

“பள்ளம் விழுந்த பக்கம் கீழ வரோணும். காலை அகட்டி வெய்யி. கவுண்டர் வாயைப் பாக்காத, பாத்தா நேரம் நீளும்.”

“எவ்வளவு நேரம் பேசுவாரு?”

“சோறு ஆறற வரைக்கும்.”

காளியண்ணன் பேசினார். பல்லி இரண்டு தடவை வந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாசாமியின் கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வேர்வை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். சென்றாயனின் இரண்டு கைகளும் தானாக மேலே எழும்பின. அவன் அவற்றைப் பிடித்து அக்குளில் திணித்துக்கொண்டான். இதற்குக் கல்லே தேவலை என்றிருந்தது.

பேச்சு முடிந்து சோறு போட்டபோது ஆறித்தான் போயிருந்தது. சென்றாயன் ஒரு வாய் வைத்தான். உப்பே இல்லை. இத்தனை வருஷமும் கழுத்துவலியோடு தின்றதில் அது தெரியவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் அப்பாசாமி ஒருபக்கமாகச் சாய்ந்த கழுத்தோடு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சிரிப்பும் இல்லை.

சென்றாயன் வலது கையைச் சோற்றில் வைத்தபடியே இடது கையை நீட்டித் தம்பியின் பிடரியை அழுத்திப் பிடித்துவிட்டான். எந்த இடத்தில் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கண்ணாயி ஊற்றிலிருந்து நிறைகுடத்தோடு திரும்பி வந்தவள், பார்த்துவிட்டு நின்றாள்.

“ஏனுங்க” என்றாள். “சோத்தைத் தின்னுங்க. அது அவன் கழுத்து.”